அபின் பிரபுக்களின் மாளிகைகள்

புதுடில்லியில் சாணக்யபுரி என்றொரு பகுதி உண்டு. அயல்நாட்டுத் தூதரகங்களுக்கென்றே 1950-ஐ அடுத்த ஆண்டுகளில் வகுக்கப்பட்ட பேட்டை அது. அகன்ற சாலைகள், இருமருங்கும் நிழல் மரங்கள், மதிலுக்கு மேலே கொடிகள், வாயிலிலே காவலர். சாலைகளின் பெயர்களைக் கேட்டால் நீதிநூலின் அதிகாரத் தலைப்புகள் என்றே எண்ணத் தோன்றும்: சாந்தி பாதை, நியாய மார்க்கம், நீதி மார்க்கம், சத்திய மார்க்கம்! கௌடில்யர் பெயராலும் ஒரு சாலை இருக்கிறது. அதில்தான் நம் தமிழ்நாடு இல்லம். அங்கே எப்படிப் போவது என்று டில்லித் தமிழ் மாணவர் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாம்பாரின் மணமே வழிகாட்டும்.

சாப்பாடு முடிந்து, வயிறு நிறைந்த மகிழ்ச்சியில் சிறிது உலாவுவோம் என்று புறப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சாந்தி பாதையில் பிரிட்டனின் ஹை கமிஷனும் இருக்கிறது. சீனத் தூதரகமும் இருக்கிறது. அபின் காரணமாக 1839 முதல் 1842 வரை ஒருமுறையும், 1856 முதல் 1860 வரை மறுமுறையும் போரிட்ட நாடுகள் இவை. அதே சாலையில் ஆப்கானிஸ்தானத்தின் தூதரகம். நியாய மார்க்கத்திலோ, மியான்மார் என்று பெயர் மாறிய பர்மாவின் தூதரகம். ஹெராயின் உலகில் இவ்விரு நாடுகளும் பெற்ற பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. அபினின் சரித்திரத்தை எழுத விரும்பும் ஒருவர் இந்த இரண்டு சாலைகளில் ஒரு மாலை நடந்து வந்தால் போதும், நூலின் பொருளடக்கம் தயாராகிவிடும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் விடுதியில் ஓர் அன்பரின் அறைச் சுவரில் கொலம்பியா நாட்டுக் கொக்கெய்ன் அரசன் பாப்லோ எஸ்கோபாரின் படம் பெரிதாக ஒட்டப்பட்டிருக்கிறது. அன்பர் நல்லவர், தேநீருக்கு மேல் எந்தப் போதையும் அறியாதவர். ஆனால் எஸ்கோபாரின் பண்ணை எத்தனை ஏக்கர், வாயில் வளைவின்மேல் நின்ற விமானம் எப்படிப்பட்டது, தோட்டத்தில் என்னென்ன விலங்குகள் என்று கேட்டால் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்துவிடுவார். இத்தகைய ஆவலை நான் பழிக்க வரவில்லை. பெரிய வீட்டின் உள்ளே எட்டிப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் அதற்காகக் கொலம்பியா வரைக்கும் போவானேன் என்பதே என் கேள்வி. நம் நாட்டிலேயே அத்தகைய மாளிகைகள் உண்டு. அவற்றில் சிலவற்றின் நிழலில் நான் வளர்ந்திருக்கிறேன்.

முதலில் சாணக்கியர் சொல்வதைக் கேட்போம். அர்த்தசாஸ்திரத்தில், மது விற்பனையை மேற்பார்க்கும் அதிகாரிக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. மதுக்கடையில் தனித்தனி அறைகள் வேண்டும். படுக்கையும் ஆசனமும் வேண்டும். பருவத்துக்கு ஏற்ற வாசனையும் பூமாலையும் வேண்டும் என்று விதிக்கிறது அது. என்ன தாராள மனம் என்று வியந்துவிடாதீர்கள். அடுத்தாற்போல், அங்கே ஒற்றர்கள் அமர்ந்து, வருகிறவன் வழக்கமாக எவ்வளவு செலவு செய்கிறான், வழக்கத்துக்கு மாறாக எவ்வளவு செலவு செய்கிறான் என்று கணக்கெடுக்க வேண்டும் என்கிறது. சரக்கைத் தேடிப் பிடிப்பதைவிடச் செலவைப் பார்த்துப் பிடிப்பது எளிது என்பது அந்தக் கிழவருக்குத் தெரிந்திருக்கிறது. அபினைப் புகைத்துவிடலாம், கடலில் கொட்டிவிடலாம். மாளிகையை என்ன செய்வது? அது நின்ற இடத்தில் நின்று சாட்சி சொல்லிக்கொண்டே இருக்கும்.

நிற்க. என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காகப் பம்பாய் சென்றவர். அந்நகர் மும்பையாகப் பெயர் மாறிய பின்னரே நான் பிறந்தேன்; பிறந்தது ஜே. ஜே. மருத்துவமனையில். ஏழைகளுக்கு அது பெரிய புகலிடம். ஜே. ஜே. என்பது ஜம்ஷெட்ஜி ஜீஜிபாய் என்னும் பார்சிச் சீமானின் பெயர். 1783-இல் பிறந்தவர், இளமையிலேயே பெற்றோரை இழந்தவர், பழைய பாட்டில் வியாபாரம் செய்த உறவினரிடம் தொழில் பழகியவர். சீனத்துக்கு ஐந்து முறை கப்பலேறினார். 1805-இல் ஒரு பயணத்தின்போது இலங்கைக்கு அருகே பிரெஞ்சுக்காரர் அவருடைய கப்பலைப் பிடித்தனர். அதே கப்பலில் வைத்தியராக இருந்தவர் வில்லியம் ஜார்டின். பின்னாளில் ஜார்டின் மாத்தீசன் என்ற மாபெரும் அபின் கம்பெனியை நிறுவியவர் அவரே. சிறைப்பட்ட கப்பலில் ஏற்பட்ட நட்பு வியாபாரத்தில் பழுத்தது. பம்பாயிலிருந்து ஜீஜிபாய் பருத்தியும் அபினும் அனுப்பினார். சீனக் கரையில் ஜார்டின் விற்றார். 1842-இல் இந்தியருள் முதல்வராக நைட் பட்டம். 1857-இல் முதல் பாரோனெட் பட்டம். 1845-இல் மருத்துவமனை திறப்பு. நான் உயிரோடு பிறந்ததில் அபினுக்கும் சிறு பங்கு உண்டு என்று சொன்னால் என் தாயார் சண்டைக்கு வருவார். ஆனால் கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

வாணிகம் நடந்த முறையைச் சிறிது சொல்லவேண்டும். பீகாரிலும் காசிச் சீமையிலும் கசகசாச் செடி பயிரிடும் விவசாயிக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி முன்பணம் கொடுக்கும். விளைந்த அபின் முழுவதையும் கம்பெனி சொன்ன விலைக்கே கொடுத்துவிட வேண்டும். பாட்னாவிலும் காசிப்பூரிலும் இருந்த தொழிற்சாலைகளில் அது உருண்டையாக்கப்பட்டு, பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கல்கத்தாவில் ஏலம் போகும். சீனத்தில் அபினுக்குத் தடை இருந்தபடியால் கம்பெனி தன் கப்பலில் ஒரு பெட்டியும் ஏற்றாது! ஏலத்தில் எடுத்த தனி வியாபாரிகளே கள்ளத்தனமாகக் கொண்டுபோய் விற்பார்கள். கை கறைபடாமல் காசு வரும் வழி இது. 1839-இல் லின் என்னும் சீன அதிகாரி 20,000 பெட்டிகளுக்கு மேல் பறித்துச் சுண்ணாம்பும் உப்பும் கலந்து அழித்தார், போர் மூண்டது, ஹாங்காங் தீவு பறிபோயிற்று. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்திய அரசின் வருவாயில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அபினால் வந்தது. ஆகவே அக்காலத்து மிகப் பெரிய அபின் பிரபுவின் மாளிகை எது என்று என்னைக் கேட்டால், கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் குடியிருந்த மாளிகையையே காட்டுவேன்.

மேற்கே மாளவத்தில் விளைந்த அபின் சுதேச சமஸ்தானங்களின் சரக்கு. அது பம்பாய் வழியாகச் சென்றது. அந்த வாணிகத்தின் உச்சியில் பிற்காலத்தில் வீற்றிருந்தவர்கள் சசூன் குடும்பத்தார். அவர்கள் வீட்டுக்குள்தான் உங்களைக் கூட்டிப்போக விரும்புகிறேன்.

டேவிட் சசூன் 1792-இல் பாக்தாதில் பிறந்த யூதர். தந்தை அங்கே பாஷாவின் பொக்கிஷதாரர். ஆட்சியாளரின் கொடுமைக்குத் தப்பி ஓடி, 1832-இல் பம்பாய் வந்து சேர்ந்தார். மனிதரின் தனி வாழ்க்கையைப் பார்த்தால் துறவிக்குச் சற்றே குறைவு என்று சொல்லலாம். அராபிய அங்கியும் தலைப்பாகையுமே உடை. ஓய்வுநாள் விரதம் தவறமாட்டார். உணவு சமய விதிப்படி. 1853-இல் பிரிட்டிஷ் பிரஜையானபோதும் கையெழுத்தை எபிரேய எழுத்தில்தான் போட்டார். பிள்ளைகள் பதினால்வர். ஆண்மக்கள் எண்மரும் வளர வளர, ஒவ்வொருவராகக் கான்டனுக்கும் ஷாங்காய்க்கும் லண்டனுக்கும் அனுப்பிக் கிளைகளைப் பார்த்துக்கொள்ளச் செய்தார். குடும்பமே கம்பெனி, கம்பெனியே குடும்பம். மாளவத்து வியாபாரிகளுக்கு அறுவடைக்கு முன்பே பணம் கொடுத்துச் சரக்கைக் கட்டிப்போட்டார்கள். அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல், ஜார்டின் கம்பெனியே 1870-களின் தொடக்கத்தில் அபினைக் கைவிட்டது.

பைகுல்லாவில் அவர் வாழ்ந்த மாளிகைக்குச் சான்ஸ் சூசி என்று பெயர். பிரெஞ்சு மொழியில் ‘கவலையற்றது’ என்று பொருள். பிரஷ்ய மன்னர் பிரெடெரிக் தம் அரண்மனைக்கு வைத்த பெயர் அது. பூனாவில் கார்டன் ரீச் என்று இன்னொரு மாளிகை. அங்கேதான் 1864-இல் காலமானார். தாம் எழுப்பிய செங்கல் ஜெபாலயத்தின் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார். அவருடைய பணத்தில் பூனா மருத்துவமனை எழுந்தது. பம்பாய் நூல்நிலையம் எழுந்தது. கவலையற்ற மாளிகை இன்று மசீனா மருத்துவமனையாக இருக்கிறது.

மகன் காலத்தில் வீடு பம்பாயைத் தாண்டியது. அப்துல்லா என்ற மூத்த மகன் ஆல்பர்ட் ஆனார், லண்டனில் குடியேறினார், 1890-இல் பாரோனெட் ஆனார். இங்கிலாந்தின் கடற்கரை நகரமாகிய பிரைட்டனில் தமக்கென்று கீழ்நாட்டுப் பாணியில் குவிமாடம் வைத்த கல்லறை மண்டபம் ஒன்றைக் கட்டிக்கொண்டார். காலத்தின் கூத்தைப் பாருங்கள்: பின்னாளில் அது விற்கப்பட்டு, மதுக்கடை ஒன்றின் கூடமாயிற்று!

பேரன் மகன் பிலிப் சசூன் காலத்தில் அபின் வாடையே இல்லை. 1888-இல் பிறந்த இவர் பார்லிமெண்டு அங்கத்தினர், விமானத் துறையின் துணை மந்திரி, திருமணம் செய்துகொள்ளாதவர், விருந்தோம்பலே வாழ்க்கையாகக் கொண்டவர். போர்ட் லிம்ப்னே, டிரெண்ட் பார்க் என்னும் இரு மாளிகைகளில் லாயிட் ஜார்ஜ் முதல் சார்லி சாப்ளின் வரை விருந்துண்டனர். போர்ட் லிம்ப்னேயைக் கட்டிய சிற்பி யார் தெரியுமா? ஹெர்பர்ட் பேக்கர். நம் ரைசினாக் குன்றின்மேல் தலைமைச் செயலகத்தின் இரு பகுதிகளையும் எழுப்பிய அதே பேக்கர்! வடபகுதியில் நெடுங்காலம் நிதி அமைச்சகம் இருந்தது. அரசாங்க அபின் தொழிற்சாலைகள் அந்த அமைச்சகத்தின் வருவாய்த் துறைக்கு உட்பட்டவை. அபின் செல்வத்தின் வாரிசுக்கு வீடு கட்டிய கையே அபினை ஆளும் அலுவலகத்தையும் கட்டியது. வேண்டுமென்று யாரும் இப்படிப் பொருத்தியிருக்க முடியாது.

“அக்காலத்தில் அது சட்டப்படி நடந்த வியாபாரம் அல்லவா? இன்றைய கள்ளக் கடத்தல்காரனோடு அவர்களை ஒப்பிடலாமா?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1860-க்குள் சீனத்தில் அபின் இறக்குமதி சட்டபூர்வமாகிவிட்டது உண்மை. பீரங்கி முனையில் ஆக்கப்பட்ட சட்டம் என்பதும் உண்மை. அன்றி, அக்காலத்தவர் எல்லோரும் இதை இயல்பென்று ஏற்கவுமில்லை. துவாரகநாத் தாகூர் கல்கத்தாவில் சுங்கம், உப்பு, அபின் போர்டின் திவானாக இருந்தவர். அவர் பேரன் இரவீந்திரநாத் 1881-இல், இருபது வயதில், சீனத்தில் நடப்பது மரண வியாபாரம் என்று ஒரு கட்டுரையே எழுதினார். நம்மைவிட மூன்று வயது இளையவர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நம்முடைய வயதில் நாம் சுவரில் படம் ஒட்டுகிறோம்.

இரசாயனம் படிக்கிறவன் என்ற முறையில் இன்னொன்று சொல்லலாம். மூலக்கூறுக்குச் சட்டம் தெரியாது. கசகசாக் காயைக் கீறினால் வடியும் பாலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மார்பீன். ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பிரித்தெடுத்தார். மார்பீன் மூலக்கூறின் இரண்டு இடங்களில் அசெட்டைல் தொகுதி சேர்ந்தால் ஹெராயின். 1874-இல் லண்டனில் முதலில் செய்யப்பட்டது. 1898-இல் ஒரு ஜெர்மானிய மருந்துக் கம்பெனி இருமல் மருந்தென்று விற்றது. காசிப்பூரில் 1820-இல் தொடங்கிய தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தானம், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் உரிமம் பெற்ற விவசாயிகள் பயிரிடுகிறார்கள். புற்றுநோயாளியின் வலியைத் தணிக்கும் மார்பீன் அங்கிருந்தே வருகிறது. அதே பால், அதே அமைப்பு.

இனி நம் காலத்துக்கு வருவோம். பம்பாயில் மிளகாய், மசாலாக் கடைக் குடும்பத்தில் பிறந்து, அதனாலேயே ‘மிர்ச்சி’ என்று பெயர் பெற்றவர் இக்பால் மேமன். மாண்ட்ராக்ஸ் என்னும் தூக்க மாத்திரையைக் கடத்தியவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர். அந்த மாத்திரையின் சரக்கு மெத்தாகுவலோன். அதை 1951-இல் முதன்முதல் தயாரித்தவர்கள் கக்கர், ஜாகீர் என்னும் நம் நாட்டு விஞ்ஞானிகள். தூக்கம் தரும் குணத்தை 1955-இல் லக்னோ ஆராய்ச்சியாளர் கண்டனர். மருந்தாகப் பிறந்தது போதையாகி, தென்னாப்பிரிக்காவில் கஞ்சாவோடு கலந்து புகைக்கப்பட்டது. ஆராய்ச்சிக் கூடத்தில் குடுவை கழுவும் நம்மில் எவருடைய பொருளும் நாளை எங்கே போய்ச் சேரும் என்று யார் கண்டார்?

மிர்ச்சி இந்தியாவை விட்டு வெளியேறி, துபாய் வழியாக லண்டன் சென்று, நகருக்குக் கிழக்கே எஸ்ஸெக்ஸில் வாழ்ந்தார். 1995-இல் பிரிட்டிஷ் போலீஸார் கைது செய்தனர். ஆயினும் அவரை இந்தியாவுக்கு அனுப்பும் முயற்சி பலிக்கவில்லை. 2004-இல் அமெரிக்க அரசு அவரை உலகப் போதை முதலாளிகளின் பட்டியலில் சேர்த்தது. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தே வந்தார். 2013-இல் லண்டனில் இறந்தார். சரக்கைப் பிடித்து அவரைப் பிடிக்க முடியவில்லை. பிறகு பேசத் தொடங்கியவை கட்டடங்கள். வொர்லிக் கடற்கரையை ஒட்டி ராபியா மேன்ஷன், மரியம் லாட்ஜ், சீ வியூ என்று மூன்று. 1986-இல் ஆறரை லட்சம் ரூபாய்க்கு வாங்கப்பட்டவை, போதைப் பணத்தால் வந்தவை என்பது அமலாக்கத் துறையின் வாதம். 2019-இல் வழக்கு சூடுபிடித்தது, உடைமைகள் முடக்கப்பட்டன. சொந்தக்காரர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து!

இதற்கு வழி வகுத்த சட்டத்தைச் சட்டம் படிக்கும் நண்பர்கள் நன்கறிவர். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 1989-இல் ஓர் அத்தியாயம் சேர்த்தார்கள். ஒருவருடைய உடைமை கள்ளப் போதை வாணிகத்தால் வந்தது என்று கருதக் காரணம் இருந்து அரசு அறிவிப்பு அனுப்பினால், அப்படி வரவில்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு உடைமைக்காரரையே சேரும். மனைவி மக்கள் பெயரில் எழுதிவைத்தாலும் தப்ப முடியாது. மதுக்கடையில் ஒற்றரை உட்காரவைத்த சாணக்கியர் இதைப் படித்தால் புன்னகை புரிந்திருப்பார். ஆனால் இந்தச் சட்டம் சான்ஸ் சூசியின் வாயிலில் போய் நிற்காது. அங்கே சீட்டு வாங்கிக்கொண்டு நோயாளிகள் நிற்கிறார்கள். ஒரு மாளிகை மருத்துவமனையாவதும் முடக்கப்படுவதும் உள்ளே இருந்தவர் எவ்வளவு தொழுதார், எவ்வளவு கொடுத்தார் என்பதைப் பொறுத்து நடப்பதில்லை. எந்த ஆண்டில் விற்றார், யாருக்குப் பங்கு கொடுத்து விற்றார் என்பதைப் பொறுத்தே நடக்கிறது என்பது என் முடிவு. என் நண்பருக்கு இது பிடிக்கவில்லை. ஜீஜிபாயையும் எஸ்கோபாரையும் ஒரே மூச்சில் சொல்கிறேன் என்று கோபித்துக்கொண்டார். இருவரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. எஸ்கோபார் ஆள்வைத்துக் கொன்றவர், விமானத்தில் குண்டு வைத்தவர். சரக்குக்கும் வீட்டுக்கும் உள்ள உறவை மட்டுமே பேசுகிறேன்.

அந்த நண்பருக்காக எஸ்கோபாரின் வீட்டையும் பார்த்துவிடுவோம். மெடலின் நகரில் குடும்பத்தோடு வாழ்ந்த மொனாக்கோ என்னும் எட்டு மாடிக் கட்டடத்தை 2019 பிப்ரவரியில் அரசாங்கமே வெடிவைத்துத் தகர்த்தது. சுற்றுலாக்காரர் அதைத் திருத்தலம்போல் வலம்வரத் தொடங்கியதே காரணம். நேப்பிள்ஸ் என்று பெயரிட்ட பண்ணையோ கேளிக்கைப் பூங்காவாகிவிட்டது. விந்தை என்னவென்றால், பிலிப் சசூனின் போர்ட் லிம்ப்னேயும் இன்று விலங்குக் காட்சித் தலந்தான். காண்டாமிருகமும் கொரில்லாவும் அங்கே வாழ்கின்றன.

பண்ணையில் 1980-களின் தொடக்கத்தில் எஸ்கோபார் கொண்டுவந்து விட்ட நீர்யானைகள் நான்கு: ஆண் ஒன்று, பெண் மூன்று. 1993 டிசம்பரில் அவர் சுடப்பட்டு இறந்ததும் மற்ற விலங்குகளை எங்கெங்கோ கொண்டுபோனார்கள். டன் கணக்கில் எடையுள்ள நீர்யானையைப் பிடிக்க எவருக்கும் துணிவில்லை. ஆப்பிரிக்காவில் அவற்றைக் கட்டுப்படுத்தும் கோடை வறட்சி அங்கே இல்லை. குட்டியைக் கொல்லும் சிங்கமும் இல்லை. மாக்தலேனா ஆற்றில் இறங்கிப் பரவின. அவற்றின் சாணம் குளங்களின் நீரையே மாற்றுகிறது என்று உயிரியலார் கண்டனர். 2022-இல் கொலம்பிய அரசு அவற்றை ஊடுருவிய தீய இனம் என்று அறிவித்தது. அப்போது நூற்றுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். 2023-இல் கருத்தடைச் சிகிச்சை தொடங்கியது. அதே ஆண்டில், அறுபது நீர்யானைகளை விமானத்தில் ஏற்றி நம் குஜராத்தில் உள்ள விலங்குக் காப்பகம் ஒன்றுக்கு அனுப்பும் திட்டமும் வெளியாயிற்று. ஒரு நீர்யானைக்குக் கருத்தடை செய்ய முதலில் அதை வேலிக்குள் கவர்ந்து, மயக்க மருந்து செலுத்தி, கிரேன் கொண்டு தூக்க வேண்டும். ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் ஆற்றில் மற்றொன்று குட்டி போட்டுவிடுகிறது.